கோச்சி இல்லாத மேடையில் ஒரு குடை

அன்ரி மெல்பேர்னுக்குப் போய்விட்டார் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவருக்கும் தெரியாது. அதாவது எல்லோருக்கும் தெரியும். போவதற்கு முந்திய கிழமை அவருடைய பிரிஜ்ஜைக் கீழ்வீட்டுக்காரர் வாங்கினார், அலுமாரியை மேல்வீட்டுக்காரர் வாங்கினார். இரண்டு பேரிடமும், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறேன், இடைஞ்சலாக இருக்கிறது என்றுதான் சொன்னார். விமான நிலையத்துக்குப் போன அன்று, பெட்டிகளை ஒரு வான் பிடித்து முன்கூட்டி அனுப்பிவிட்டு, கையில் ஒரு மரக்கறிப் பையோடு சந்தைப் பக்கம் நடந்தாராம். எங்கள் ஒழுங்கைச் சனமே பல்கணியில் நின்று பார்த்தது. ஒருவரும் கை காட்டவில்லை. காட்டினால் அவருக்குச் சங்கடம்.

அவருடைய பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் அங்கிருந்து கோல் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆரைப் பற்றி எழுதியிருக்கிறாய்?" என்று கேட்பார்.

கலியாணம் பேசுவது அவருடைய தொழில். அதைத் தொழில் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது. "நாலு பேருக்கு உதவி" என்பார். தொலைபேசியில் மாப்பிள்ளை என்ற சொல் வாயில் வராது. பார்சல் என்பார். "பார்சல் லண்டனில இருந்து வந்திட்டுது. கொஞ்சம் தலைமயிர் குறைவு" என்று பல்கணியில் நின்று அவர் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கத்து பிளட்டில் இருப்பவர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள். மனிதர் கிசுகிசுக்கும்போது இவ்வளவு சத்தம் வரும் என்று நான் அவரிடம்தான் கண்டேன்.

ஒருமுறை களுபோவில ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்துகொண்டார். கதிர்காமம் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து, வீடு வீடாக விபூதி கொடுத்தார். விபூதிப் பொட்டலத்தில் எங்கள் வெள்ளவத்தைக் கோயிலின் பெயர் இருந்தது. கண் எப்படி அன்ரி என்று நான் கேட்டேன். எந்தக் கண் என்று கேட்டார். வெட்டின கண் என்றேன். கதிர்காமத்தில் வெயில் அப்படி, பிள்ளை, என்றார். அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு ஏசினார். உண்மையைச் சொன்னதற்கு ஏச்சு வாங்குவது எனக்குப் பழக்கம். ஒரு கம்பனியில் வாடிக்கையாளரின் முறைப்பாடு கேட்கும் கவுண்டரில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் வாய் மெத்தென்று இராது.

அந்த வாயால்தான் எனக்குக் கலியாணம் சரிவரவில்லை என்பது அம்மாவின் முடிவு. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அண்ணா கனடாவில். அண்ணாவுக்குப் பிள்ளை பிறந்து, அம்மாவுக்கு விசாவும் வந்திருந்தது. என்னைத் தனியாக பிளட்டில் விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். விசாவுக்கு முடிவுத் திகதி உண்டு, என் வாய்க்கு இல்லை. எனக்கு ஒரு கலியாணம் நடக்காவிட்டால் அம்மா பேரப்பிள்ளையைப் போனில் பார்த்தே கிழவியாவார். இதுதான் நிலைமை. இந்த நிலைமையில்தான் அன்ரி எங்கள் வீட்டுக்குள், பின் படிக்கட்டால், வந்தார்.

தாலி ஏறும்வரை ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது அவருடைய சட்டம். கண்ணூறு ஒரு காரணம். பொம்பிளை பார்க்க வந்து சரிவராமல் போனால் அந்தப் பிள்ளையின் பெயர் பழுதாகிவிடும் என்பது மற்றக் காரணம். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்தால், வாசலில் புதுச் செருப்பு எத்தனை சோடி கிடந்தது என்று எண்ணுவதற்கு எங்கள் மாடியில் ஆட்கள் இருந்தார்கள். கோயிலில் வைத்தால் ஐயர் உட்படத் திரும்பிப் பார்ப்பார்கள். கடற்கரை றெஸ்ரோரண்டில் வைத்தால் அங்கே ஏற்கெனவே இரண்டு சோடி அதே வேலையாக இருக்கும். ஆகவே அன்ரி ஒரு ரயில்வே ஸ்டேசனைக் கண்டுபிடித்தார்.

களனிவெளிப் பாதையில் ஒரு குட்டி ஸ்டேசன். எது என்று சொல்லமாட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆராவது பாவம் பட்டுச்சேலையோடு அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். கிழமை நாட்களில் காலையில் கந்தோர் வேலைக்காரரை ஏற்றிப் போகிற கோச்சி ரயில், பின்னேரம் திரும்பி வருகிற கோச்சி. மற்ற நேரமெல்லாம் காகம். ஞாயிறு காலையில் ஒன்று போகும், அதற்குப் பிறகு தண்டவாளத்தில் நாய் படுக்கும். ஒரு மேடை, ஒரு கூரை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு ரிக்கற் யன்னல். அதற்குள் ஸ்டேசன் மாத்தயா, அதாவது நிலைய அதிபர்.

ஏற்பாடு இதுதான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கத்தால் வருவார்கள், பொம்பிளை வீட்டார் மறுபக்கத்தால். இரண்டு வீட்டாரும் கோச்சிக்குக் காத்திருக்கிறார்கள். தற்செயலாக ஒரே வாங்கில் இருக்கிறார்கள். தற்செயலாகக் கதை தொடங்குகிறது. பிடிக்காவிட்டால், கோச்சி இல்லையாம் என்று எழும்பி இரண்டு பக்கத்தாலும் போய்விடலாம். ஒருவருக்கும் அவமானம் கிடையாது. கேள்வி வரக்கூடாது என்பதற்காக அன்ரி எல்லோருக்கும் அடுத்த ஸ்டேசனுக்கு ரிக்கற்கூட எடுத்துத் தருவார். பிறகு தூரத்து வாங்கில், கூரைக்குக் கீழேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, எங்களை ஒருவரையும் தெரியாத ஆள்போல இருப்பார்.

இந்த இரகசியம் எவ்வளவு பெரிய இரகசியம் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேசன் மாத்தயா வாங்கைத் துடைத்து வைப்பார். என்னைப் பார்க்கும்போது, இந்த முறை சரிவருமா துவ, மகளே, என்று சிங்களத்தில் அன்பாக விசாரிப்பார். ஏனென்றால் நான் அங்கே அடிக்கடி வரும் பயணி. அந்த ஸ்டேசனிலிருந்து ஒருநாளும் ரயில் ஏறாத பயணிகளில் எனக்குத்தான் முதலிடம்.

முதலில் வந்த மாப்பிள்ளையின் தாய் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிட உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். கோச்சி இல்லை என்று எழும்பிவிட்டார்கள். இன்னொருவர் சுவிஸிலிருந்து வந்தவர். மழை இருட்டில்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கண் ஒப்பரேசனோ என்று கேட்டேன். அந்த மாப்பிள்ளைக்குக் கோபம் வந்ததோ இல்லையோ, தூரத்து வாங்கில் குடை திரும்பியது. அன்ரி என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கொட்டாஞ்சேனைச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். பின் படிக்கட்டால் வந்து, கதவைச் சாத்தி, யன்னலையும் சாத்திவிட்டுச் சொன்னார். இந்தியாவிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். புறக்கோட்டையில் இரும்புக் கடை. நல்ல பெடியன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தார். வடக்கிலிருந்து வந்த எங்களுடைய ஆட்கள் அந்தப் பக்கம் சாமான் வாங்கப் போவார்கள், சம்பந்தம் செய்யப் போகமாட்டார்கள். அவர்களும் அப்படித்தான். இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் எந்தத் தரகரும் சேர்த்துப் பேசினதில்லை. அன்ரிக்கு அது தெரியும். சாத்திய யன்னலை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். "இது மட்டும் சரிவந்தால்," என்றார், "நான் ஆரெண்டு எல்லாருக்கும் விளங்கும்." பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

எனக்கு அவர் சொன்ன புத்திமதி ஒன்றுதான். "பிள்ளை, கடவுளாணை வாயைத் திறக்காதை. சிரிச்சுக்கொண்டிரு. சிரிப்பு வராட்டில் தண்டவாளத்தைப் பார்."

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். முந்திய நாள் முழுக்க மழை. மாப்பிள்ளையின் தகப்பனார் வேட்டியில், தாயார் வைரத் தோட்டில், அவர் நடுவில் நீலச் சட்டையில். தாயார் என் அம்மாவிடம் மழையைப் பற்றிக் கேட்டார். அம்மா மழை பெய்தது என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை போகவில்லை. இதுவும் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது தண்டவாளம் அதிர்ந்தது. படுத்திருந்த நாய் எழும்பியது.

காலையில் போகவேண்டிய கோச்சி. பாதையில் எங்கேயோ மரம் விழுந்து, அதை வெட்டி அகற்றும்வரை நின்றுவிட்டு, மத்தியானம் வருகிறது. எங்கள் ஸ்டேசனில் அது நிற்கவேண்டிய அவசியமே இல்லை, ஏறுவதற்கு ஆள் இருந்தால் ஒழிய. ஸ்டேசன் மாத்தயா நல்ல மனிதர். எதற்கு வருகிறோம் என்று தெரிந்தாலும் எங்களுக்கு ரிக்கற் விற்றவர், ரிக்கற் எடுத்தவரை ஏற்றிவிடுவது அவருடைய கடமை. எத்தனையோ ஞாயிறு காத்திருந்த சனத்துக்குக் கடைசியில் ஒரு கோச்சி வந்துவிட்டதே என்ற சந்தோசத்தில் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அதை மறித்தார். "நகின்ன, நகின்ன" என்று எங்களை ஏறச் சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை. கோச்சி நின்றது. எஞ்சினிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பெட்டிகளில் இருந்தவர்கள் யன்னலால் எங்களைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் என் அம்மாவைப் பார்த்தார். என் அம்மா அவரைப் பார்த்தார். ஏறாமல் இருந்தால், கோச்சிக்காக வரவில்லை என்று ஆகிவிடும். அப்படியானால் எதற்காக வந்தோம் என்பதை யாரோ ஒருவர் முதலில் வாயால் சொல்லவேண்டும். யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள் தாழ்ந்துபோவார்கள்.

தகப்பனார் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழும்பினார். "சரி, வண்டி வந்துருச்சு. ஏறலாம்."

அம்மா கைப்பையை எடுத்தார். விசரோ அம்மா என்று நான் கேட்டேன். அம்மா என் கையில் கிள்ளினார். அந்த இடம் இரண்டு நாள் நீலமாக இருந்தது.

அன்ரி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தூரத்து வாங்கிலிருந்து அவர் எழும்பினார், வாயைத் திறந்தார், குடை கையில் ஆடியது. அந்தச் சொல்லைச் சொன்னால் எங்களைத் தெரியும் என்று ஆகிவிடும். திரும்பவும் இருந்துவிட்டார். கோச்சி வெளிக்கிட்டது. வெறும் மேடையில், கூரைக்குக் கீழே, விரித்த குடையோடு அவர் சிறிதாகிப் போனது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. மற்றவர்களின் மானத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் எல்லோரையும் அவிசாவளைக்கு அனுப்பிவைத்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவிசாவளை என்பது அம்மாவின் வேலை. பெட்டிக்குள் எதிரும் புதிருமாக இருந்தோம். எங்கங்க போறீங்க என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார். அம்மா வாயில் வந்த ஊரைச் சொன்னார், அது பாதையின் கடைசி ஊரான அவிசாவளை. நாங்களும் அங்கதாங்க என்றார் அவர். அதற்குப் பிறகு நடுவில் இறங்க இரண்டு பக்கத்துக்கும் வழியில்லை. எங்கள் ரிக்கற் முடியும் ஸ்டேசன் போனது. ஹோமாகம போனது. ஆறு கொழும்புத் தமிழர், ஒரு வேலையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் முறுக்குக் கொடுத்துக்கொண்டு போனோம். ஆறாவது ஆள் மாப்பிள்ளையின் தம்பி. அவன் நித்திரை.

பாதுக்கை தாண்ட ரிக்கற் பரிசோதகர் வந்தார். எல்லா ரிக்கற்றையும் வாங்கிப் பார்த்தார். எல்லாம் ஒரே கையால் வாங்கியவை, இலக்கம் வரிசையாக இருந்தது. எல்லாம் எப்போதோ தாண்டிவிட்ட ஸ்டேசனுக்கு. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பக்கம் வைரத் தோடு, இந்தப் பக்கம் பட்டுச்சேலை, ஒருவரோடு ஒருவர் கதையில்லை.

"ஒக்கோம எகம பவுலத?" என்று கேட்டார். எல்லாரும் ஒரே குடும்பமா என்று.

அம்மா தண்டவாளத்தைத் தேடினார். மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைக் கனைத்தார். எனக்குப் பசி, கையில் கிள்ளின நோவு, காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த களைப்பு.

"தவம நே," என்றேன். இன்னும் இல்லை.

மாப்பிள்ளை சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை. வாயிலிருந்த முறுக்கு என் சேலையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, திரும்பவும் சிரித்தார். பரிசோதகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தண்டத்தை எழுதாமல், வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

"உங்களுக்கு அவிசாவளையில என்ன வேலைங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"ஒண்டுமில்லை. உங்களுக்கு?"

"நான் அவிசாவளையப் பாத்ததே இல்லீங்க."

அங்கே இறங்கி ஒரு கடையில் சோறு சாப்பிட்டோம். திரும்பி வரக் கோச்சி இல்லை, பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸில் அவருடைய தாயார் என் அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டுவிட்டார். தோடு குத்தியிருக்கும். அம்மா கொழும்பு வரும்வரை தோளை அசைக்கவில்லை. குறிப்புப் பொருத்தம் பிறகு பார்த்தார்கள். அது ஒரு சடங்கு.

வீட்டுக்குள் கால் வைக்க முதல் தொலைபேசி அடித்தது. "பார்சல் என்ன சொல்லுது?" என்று கிசுகிசுத்தது.

கலியாணம் நடந்தது, அம்மா கனடாவுக்குப் போனார், பேரப்பிள்ளையை மடியில் வைத்துப் படம் அனுப்பினார். என் கதை அதோடு சரி. அன்ரியின் கதைதான் பிழையாய்ப்போனது.

தான் பேசின கலியாணங்களுக்கு அன்ரி வேறு யாரோ ஒருவரின் விருந்தாளிபோல வந்து கடைசி வரிசையில் இருப்பார். தாலி ஏறியதும் பக்கத்திலிருப்பவரிடம், "நான் ஒண்டும் செய்யேல்லை, எல்லாம் கடவுள் செயல்" என்பார். சனத்துக்கு விளங்கிவிடும். அடுத்த நாள் இரண்டு தாய்மார் பின் படிக்கட்டால் போவார்கள். அவர் மறுப்பதுதான் அவருடைய விளம்பரம். ஊர் முழுக்க அதை அப்படித்தான் வாசித்துப் பழகியிருந்தது.

என் கலியாணத்திலும் சொன்னார், நான் ஒண்டும் செய்யேல்லை என்று. அந்த ஒருமுறை மட்டும் சனம் அவரை நம்பிவிட்டது.

வெள்ளவத்தைப் பொம்பிளைக்குக் கொட்டாஞ்சேனை மாப்பிள்ளையை எந்தத் தரகர் பேசுவார்? அதுகள் ரயிலில் சந்தித்து, அவிசாவளைவரைக்கும் ஒன்றாகப் போய்வந்ததுகளாம். சோறு சாப்பிட்டதைக் கண்ட ஆளே உண்டாம். லவ் என்று முடிவாகிவிட்டது. நான் போனவர் வந்தவரிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன், அன்ரிதான் பேசினது என்று. சிரித்தார்கள். "இப்ப என்ன பிள்ளை, லவ் பண்ணினதெண்டு சொல்ல வெக்கப்படுறீரோ?" என்றார் மூன்றாம் மாடிக்காரி. என் மாமியாரும் ஒத்துழைக்கவில்லை. தங்கள் மகனுக்குத் தரகர் வைத்துப் பெண் தேடினார்கள் என்பதைவிட, பிள்ளை ஆசைப்பட்டுவிட்டான் என்பது அவருக்குக் கௌரவமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க அன்ரி காப்பாற்ற நினைத்த இரகசியங்களில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. அதுதான் வெளியே வரவேண்டியது.

அதற்குள் பெடியள் போனிலேயே பொம்பிளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பின் படிக்கட்டில் ஆள் குறைந்தது. கொட்டாஞ்சேனைச் சம்பந்தம் பேசினவர் என்ற பெயர் மட்டும் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் அவரைத் தேடி வந்திருக்கும்.

ஒருநாள் அன்ரி என்னை வெளியே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஸ்டேசனுக்கு வரமுடியுமா என்று கேட்டார். இன்னொரு சம்பந்தம், அதுவும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும். பொம்பிளையின் தாய் பயப்படுகிறார். அப்படி ஒன்று உண்மையாக நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் பயம் தெளியும். "சும்மா கோச்சிக்கு நிக்கிறமாதிரி இருங்கோ. ஆரும் கேட்டால் மட்டும் சொல்லு, ஆர் பேசினதெண்டு." அதைக் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பின் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம்தான். மிருகக்காட்சிச்சாலையில் வைப்பதுபோல என்னைக் கொண்டுபோய் வைக்கிறார் என்று இவரிடம் கத்தினேன். பிறகு போனோம். எங்கள் ஓட்டோவில்தான் அன்ரியும் வந்தார். ஸ்டேசனுக்கு முன்னுள்ள வளைவில் இறங்கி, நாங்கள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து நடந்து வந்தார்.

எல்லாம் பழையபடி. துடைத்த வாங்கு. பட்டுச்சேலையில் ஒரு பிள்ளை. தண்டவாளத்தில் நாய். அந்தப் பக்கத்தார் வர முதலே பொம்பிளையின் தாய் என்னருகே வந்து, நீங்கள்தானோ அந்த ரயிலில் சந்திச்ச ஆக்கள் என்று கேட்டார். எனக்கு வசனம் தயாராக இருந்தது.

"நாங்கள் சந்திக்கேல்லை, எங்களைச் சந்திக்க வைச்சவை. எங்கட கலியாணம் முழுக்க அவ பேசினது. அந்தா, குடையோட இருக்கிறா."

சத்தமாகத்தான் சொன்னேன். மேடை முழுக்கக் கேட்டது. பொம்பிளை திரும்பினாள், தாய் திரும்பினார், அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பினார்கள். ஸ்டேசன் மாத்தயா யன்னலால் தலையை நீட்டினார். அங்கே நின்ற அத்தனை பேரும் அவர் கூப்பிட்டு வந்தவர்கள். அவர் செய்யவேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவதுதான். நான் மனதுக்குள், ஆட்டுங்கோ அன்ரி, ஒருமுறை ஆட்டுங்கோ என்றேன்.

அன்ரி தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. குடையைக் கொஞ்சம் பதித்துக்கொண்டார்.

"என்னையோ?" என்றார். "எனக்கு இவையை ஆரெண்டே தெரியாது. நான் கோச்சிக்கு நிக்கிறன்."

பொம்பிளையின் தாய் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. லவ் பண்ணினதுகள் இப்படித்தான் பொய் சொல்லும் என்ற இரக்கம். மாப்பிள்ளை வீட்டார் மேடைக்கு வந்து, நேரத்தைப் பார்த்து, கோச்சி இல்லைப் போல என்று சொல்லித் திரும்பினார்கள். பொம்பிளை வீட்டார் மறுபக்கத்தால் போனார்கள்.

நாங்களும் எழும்பினோம். அன்ரியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, அவருக்கு எங்களைத் தெரியாதே. படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஸ்டேசன் மாத்தயா வெளியே வந்து, எத்தனையோ வருடமாகத் தெரிந்த அந்த மனிதரிடம், புதிதாக வந்த பயணியிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னார். "அத கோச்சி நே, நோனா." இன்றைக்குக் கோச்சி இல்லை.

அன்ரி தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"ஹரி மாத்தயா," என்றார். "மங் இன்னங்." பரவாயில்லை, நான் இருக்கிறேன்.